பூட்டிய போன் தொலைந்தாலும் பணம் பறிபோவது எப்படி?

கம்பத்திலிருந்து குமுளி போகும் பஸ்ஸில் போனைத் தவறவிட்டால், அதிலுள்ள படங்களும் கணக்குகளும் என்னவாகும்? ஆண்ட்ராய்டு 10 முதலான பதிப்புகளோடு வந்த போன்களில் எல்லாமே குழப்பித்தான் எழுதப்பட்டிருக்கும். நீங்கள் வைத்த பின் நம்பரும் சிப்புக்குள் புதைந்த ரகசிய எண்ணும் சேர்ந்தால்தான் அதைப் படிக்க முடியும். நினைவகத்தைப் பெயர்த்தெடுத்தாலும் கிடைப்பது குப்பைதான். போன் என்கிற பீரோ கெட்டி.

ஆனால் ஓட்டை பக்கவாட்டில், சிம் தட்டில் இருக்கிறது. ஊசியால் குத்தினால் வெளியே வந்துவிடும். வேறு போனில் போட்டால் உங்கள் ஓடிபி அங்கே போய் விழும். பீரோவைப் பூட்டிவிட்டு மாற்றுச் சாவியை வாசலில் தொங்கவிட்ட கதை! சிம்முக்கும் பின் வைத்திருந்தால் இது நடக்காது. மூன்று முறை தப்பாக அழுத்தினால் சிம் முடங்கிவிடும். இந்த வசதியை ஏனோ யாரும் சீண்டுவதில்லை.

சிம்முக்குப் பின் வைக்காதவர்கள், போன் தொலைந்ததும் சிம் நிறுவனத்திடம் சொல்லி அதை முடக்க வேண்டும். "சிம்மை முடக்கிவிட்டால் போனை எப்படித் தேடுவது?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். அதனால் முதலில் வேறொரு போனிலிருந்து உங்கள் கூகுள் கணக்கில் நுழைந்து தொலைந்த போனைத் தேடிப் பூட்டுங்கள். உடனே சிம்மை முடக்குங்கள். அதற்குப் பிறகு தேட உதவுவது போனுக்கே உரிய 15 இலக்க ஐஎம்இஐ எண். மத்திய அரசு 2023 மே மாதம் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில், போலீஸ் புகார் நகலோடு அதைப் பதிந்தால், எந்த நிறுவனத்தின் சிம்மைப் போட்டாலும் போன் வேலை செய்யாது. எல்லை தாண்டிக் கேரளத்துக்குப் போனாலும் அப்படித்தான். புது சிம் ஏறிய தகவலும் போலீசுக்குப் போகும்.

பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குச் சொல்லுங்கள். இப்போதே *#06# அழுத்தி, வரும் ஐஎம்இஐ எண்ணைக் காகிதத்தில் குறித்து வையுங்கள்.