உல்லாச ஸ்தலங்களில் காயமுற்றால் செய்யத்தக்கவை

காணும் பொங்கலன்று கடலூர் தேவனாம்பட்டினத்துக் கடற்கரையிலும், விடுமுறை நாட்களில் சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டிலும் கிராம ஜனங்கள் குடும்பம் குடும்பமாகக் கூடுவது யாவரும் அறிந்ததே. ஒரு நாள் பொழுதுபோக்குக்குச் சென்ற குடியானவர் கால் முறிந்து திரும்புவாராயின், அவ்வருஷத்து அறுவடைக் கூலி போய்விடுகிறது. வைத்தியச் செலவுக்குக் கடன் ஏற்படுகிறது. சங்கத்துக்குச் செலுத்த வேண்டிய தவணையும் தவறுகிறது. பெரும்பாலோர் இதைத் தலைவிதி என்று எண்ணிச் சும்மா இருந்துவிடுகின்றனர். ஆயினும் முறிந்த படிக்கட்டும், துருப்பிடித்த ஊஞ்சற் சங்கிலியும், அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகும் விதியின் செயல் அல்ல. பிறருடைய அஜாக்கிரதையின் பயனே. ஆகையால் முதலில் உயிரையும், அடுத்து அத்தாட்சியையும், பின்னர் பரிகாரத்தையும் நாடுவதே முறையாகும்.

1. முதற் சிகிச்சை

நீரில் மூழ்குகிறவரைக் காப்பாற்ற நீந்தத் தெரியாதவர் குதித்தல் கூடாது. கயிறு, நீண்ட கழி, மூடிய காலிப் பிளாஸ்டிக் குடம் முதலியவற்றை எறிதல் வேண்டும். கரை சேர்த்தவரைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயல்வதும் பழைய வழக்கங்கள். இவற்றால் பயன் இல்லை. விலைமதிப்பற்ற நிமிஷங்களே வீணாகின்றன. மூச்சு இல்லையெனில் அவரை மல்லாக்கக் கிடத்தி, முகவாயைச் சற்று உயர்த்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து இரண்டு முறை ஊதுக. பின்னர் மார்பின் நடுவே நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை என்னும் வேகத்தில் பலமாக அழுத்துக. 30 அழுத்தலுக்கு 2 ஊதல் என்ற கணக்கில், மூச்சுத் திரும்பும் வரையிலோ உதவி வரும் வரையிலோ இதை நிறுத்தலாகாது. மூழ்கி எழுந்தவர் நலமாகத் தோன்றினும், இருமலோ மூச்சுத் திணறலோ இருப்பின் வைத்தியரிடம் காட்டியே தீரவேண்டும்.

இரத்தம் பெருகினால் சுத்தமான துணியை வைத்து இடைவிடாது அழுத்துக. ஆழமாகக் குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்கலாகாது. எலும்பு முறிந்ததாகத் தோன்றினால், முறிவை இழுத்து நிமிர்த்தாமல், இருந்த நிலையிலேயே மூங்கிற் பத்தை வைத்துக் கட்டுக. திருக்கை மீன் முள் தைத்தால், பொறுக்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில் அவ்விடத்தை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். அதன் பிறகும் வைத்தியரைக் காணவேண்டும். உப்பங்கழியில் கிளிஞ்சலோ ஆளி ஓடோ கிழித்த காயத்தை நல்ல நீரால் நன்கு கழுவுக. அது சிவந்து வீங்கினால், முக்கியமாக நீரிழிவு உடையவர்கள், அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். இரண இசிவு நோயைத் தடுக்கும் ஊசியைத் தாமதமின்றிப் போட்டுக்கொள்ளுதல் நலம்.

2. ஆஸ்பத்திரி

108 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னால் கட்டணமின்றி ஆம்புலன்ஸ் வரும். கடலூரில் அரசாங்கத் தலைமை ஆஸ்பத்திரியும், சிதம்பரத்தில் அண்ணாமலை நகரிலுள்ள அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் உள்ளன. போலீஸ் வந்த பின்னரே சிகிச்சை என்று எந்த வைத்தியரும் மறுத்தல் கூடாது. உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவரை அரசாங்க வைத்தியரும் தனி வைத்தியரும் உடனே கவனிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று சுப்ரீம் கோர்ட் 1989-ல் தீர்ப்பளித்துள்ளது.

3. அத்தாட்சி

ஆஸ்பத்திரியில், காயம் எந்த இடத்தில், எவ்வாறு நேர்ந்தது என்பதை உள்ளபடி சொல்லி, விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்யவேண்டும். “தவறி விழுந்தார்” என்று மட்டும் எழுதிவிட்டால், படி முறிந்திருந்ததைப் பின்னர் மெய்ப்பித்தல் கடினம். நுழைவுச் சீட்டு, படகுச் சீட்டு, மருந்துக் கடை ரசீது ஆகிய எதையும் எறிந்துவிடலாகாது. முறிந்த பொருளை மறுநாளே செப்பனிட்டுவிடுவார்கள். ஆதலால் உடன் சென்றவர் அன்றே அதைப் படம் எடுத்து, கண்டவர் இருவர் மூவருடைய பெயரையும் விலாசத்தையும் குறித்துக்கொள்ளட்டும். ஸ்தல நிர்வாகிக்கும் போலீஸ் நிலையத்துக்கும் எழுத்து மூலம் தெரிவித்து ரசீது பெறவேண்டும். சிறு தொகை கொடுத்து வெற்றுத் தாளில் கையொப்பம் கேட்பவர்க்கு இணங்கலாகாது.

4. பொறுப்பு யாருடையது

டில்லி சாந்தினி சௌக்கில் 1951-ல் மணிக்கூண்டு இடிந்து பலர் மாண்டனர். பழுது வெளிக்குத் தெரியவில்லை என்று நகரசபை வாதித்தது. பொதுவழியை ஒட்டிய கட்டிடத்தைச் சோதித்துப் பாதுகாப்பது உடையவரின் கடமை என்று கூறி, சுப்ரீம் கோர்ட் 1966-ல் அவ்வாதத்தைத் தள்ளியது. 1995-ல் பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவின்போது பியாஸ் நதியில் 14 பிள்ளைகள் மூழ்கி இறந்தனர். இதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் 5 லட்ச ரூபாய் நஷ்ட ஈடு அளிக்க வேண்டுமென 2001-ல் தீர்ப்பாயிற்று. “நிர்வாகம் பொறுப்பல்ல” என்ற பலகை ஒன்றினால் மட்டும் நிர்வாகத்தின் கடமை நீங்கிவிடாது. அதே சமயத்தில், எச்சரிக்கையை மீறிக் கடலில் இறங்கியவரும், மது அருந்திப் படகேறியவரும் தம் பங்குப் பிழைக்கு ஏற்பத் தொகை குறையக் காண்பர்.

5. நஷ்ட ஈடு

கட்டணம் செலுத்தி உள்ளே சென்றவர், கடலூரிலுள்ள ஜில்லா நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் மனுச் செய்யலாம். செலுத்திய கட்டணம் 5 லட்ச ரூபாய்க்கு மேற்படாவிடில் மனுக் கட்டணம் இல்லை. வக்கீல் இன்றித் தாமே வழக்கை நடத்தவும் கூடும். கட்டணமில்லாத கடற்கரையிலோ பூங்காவிலோ நேர்ந்த காயத்துக்குச் சிவில் கோர்ட்டை நாடவேண்டும். அரசாங்கத்தின்மீது வழக்கிடுமுன் இரண்டு மாத நோட்டீஸ் பொதுவாக அவசியம். மரணம் நேர்ந்திருப்பின், 1855-ம் வருஷத்துச் சட்டப்படி குடும்பத்தார் இரண்டு வருஷத்துக்குள் வழக்கிடவேண்டும். பெண்கள், சிறுவர்கள், தாழ்த்தப்பட்ட வகுப்பினர், பழங்குடியினர், குறைந்த வருமானமுள்ளோர் ஆகியோர்க்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீலை அமர்த்தித் தரும். அதன் தொலைபேசி எண் 15100.

6. சங்கம் செய்யக்கூடியது

2011 டிசம்பர் 25-ல் பழவேற்காட்டு ஏரியில் உல்லாசமாகச் சென்ற மீன்பிடிப் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். மிதவைச் சட்டையின்றிப் படகேறுவதில்லை என்ற ஒரே உறுதி ஒரு குடும்பத்தையே காக்கும். ஆகவே ஒவ்வொரு கூட்டுறவுச் சங்கமும் ஒரு முதற் சிகிச்சைப் பெட்டியை வைத்திருத்தல், மூச்சூட்டும் முறையை இளைஞர் இருவர்க்கேனும் பயிற்றுவித்தல், காயமுற்ற அங்கத்தினர்க்குக் காரியதரிசி மனு எழுதி உதவுதல் ஆகிய மூன்றையும் மேற்கொள்ளலாம். பழுதான படியையோ ஊஞ்சலையோ கண்டவர், காயம் நேருமுன்பே ஜில்லா கலெக்டரின் திங்கட்கிழமைக் குறைகேட்பு நாளில் மனுக் கொடுப்பாராயின், பெயரறியாத ஒரு குழந்தையின் கையையோ காலையோ காத்தவர் ஆவார்.