மணலில் இறுகிய எண்ணெய்

எண்ணெய்க் கிணறு என்றதும், நிலத்தைத் துளைத்த அளவிற் பீறிட்டெழும் கரிய திரவமே நம் மனக்கண்முன் தோன்றும். ஆயின் உலகிலுள்ள எண்ணெய் யாவும் அவ்வாறு எளிதிற் பாய்வதன்று. பாகுபோற் குழைந்து மெல்ல நகரும் எண்ணெயும் உண்டு. கீல்போல இறுகிக் கிடந்த இடத்தைவிட்டு அசையாத எண்ணெயும் உண்டு. முன்னையதைக் கன எண்ணெய் எனவும், பின்னையதைப் பிற்றுமன் எனவும் வழங்குவர். கனடா நாட்டின் அல்பேட்டா மாகாணத்திலே பிற்றுமன் பெருந்தொகையாக உளது. அங்கு அது பெறப்படும் முறைகளையும், அவற்றால் நிலமும் நீரும் காற்றும் எய்தும் நிலையையும் ஈண்டு ஆராய்வாம்.

அல்பேட்டாவின் வடபாகத்தில் அதபாஸ்கா, கோல்ட் லேக், பீஸ் றிவர் என்னும் மூன்று படிவுகள் ஏறத்தாழ 142,000 சதுர கிலோமீற்றர் பரப்பிற் கிடக்கின்றன. அவ்விடத்துத் தொல்குடிகள் ஆற்றங்கரையிற் கசிந்த பிற்றுமனை மரப்பிசினோடு கலந்து, தம் தோணிகளின் பொருத்துவாய்களை அடைத்துவந்தனர். பண்டு இதுவும் பாயும் எண்ணெயாகவே இருந்தது. நிலமட்டத்தை அணுகியபோது நுண்ணுயிர்கள் அதன் இலேசான கூறுகளை உண்டுவிட, கனமான கூறுகளே எஞ்சின. கந்தகம், நிக்கல், வனேடியம் என்பனவும் அவற்றுடன் செறிந்தன. அது பாயாமைக்கும், அதனைத் தூய்மையாக்கல் கடினமாதற்கும் காரணம் இதுவே.

பாயாத பொருளைப் பாயச் செய்தற்கு எளிய வழி வெப்பமாகும். பனிக்காலத்தில் உறைந்த நெய் அடுப்பருகில் வைத்ததும் இளகுதல் யாவரும் அறிந்ததே. வெப்பம் ஏறப் பாகுநிலை குறையும் என்னும் இவ்வொரு தத்துவமே கீழ்வரும் முறைகள் அனைத்துக்கும் அடிப்படை என்க.

முதலாவது, அகழ்ந்தெடுத்தலாம். ஏறத்தாழ 75 மீற்றர் ஆழத்துக்குட்பட்ட மணலையே இவ்வாறு எடுத்தல் கூடும். காட்டை வெட்டி, சதுப்பு நிலத்து நீரை வடித்து, மேன்மண்ணை அகற்றியபின் எண்ணெய் மணலைத் தோண்டுவர். ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டு தொன் மணல் வேண்டும். அம்மணலைச் சுடுநீரும் எரிசோடாவும் கூட்டிக் கலக்கினால், பிற்றுமன் மணியினின்றும் பிரிந்து, காற்றுக் குமிழிகளைப் பற்றி நுரையாய் மிதக்கும். இம்முறையை 1920களிற் சீர்செய்தவர் கார்ல் கிளாக் என்னும் இரசாயன அறிஞர். பெருந்தொழிலாக இது 1967இல் தொடங்கிற்று.

ஆழத்திற் கிடப்பதற்கு நீராவியே துணை. ஒரே கிணற்றினுள் வாரக்கணக்காக நீராவியைச் செலுத்தி, வெப்பம் ஊறுமாறு சிலகாலம் மூடிவைத்து, பின்னர் அக்கிணற்றினூடாகவே எண்ணெயை இறைத்தல் ஒரு முறை. கோல்ட் லேக்கில் இது வழக்கிலுள்ளது. மற்றொன்று, ரொஜர் பட்லர் என்னும் பொறியியலறிஞர் வகுத்தது. ஏறத்தாழ 5 மீற்றர் இடைவெளியில், ஒன்றன்மேல் ஒன்றாக இரு கிடைக் கிணறுகள் அமைக்கப்படும். மேற்கிணற்றினின்று நீராவி பரந்து மணலை வெப்பமாக்க, இளகிய பிற்றுமன் புவியீர்ப்பினாற் கீழ்க்கிணற்றுள் வடியும். அல்பேட்டாவில் எடுத்தற்குரிய எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கு இத்தகைய ஆழ்முறைகளாலேயே பெறற்பாலது.

இனி, விளைவுகளை நோக்குவாம். அகழும் முறையில் எண்ணெய் நீங்கிய மணலும் களியும் நீரும் பெரிய தேக்கங்களில் விடப்படுகின்றன. மணல் விரைந்து படியும். நுண்களியோ பல்லாண்டு கழியினும் படியாது கூழாகவே நிற்கும். அந்நீரிலுள்ள நப்தீனிக்கமிலங்கள் மீன் முதலிய உயிர்களுக்கு நஞ்சாவன. 2008ஆம் ஆண்டு ஏப்பிரிலில் இத்தகைய தேக்கமொன்றில் இறங்கிய காட்டு வாத்துக்கள் ஏறத்தாழ 1,600 மடிந்தன. 2022இல் வேறோரிடத்துத் தேக்கத்தினின்று கசிவு காணப்பட்டது. அதன் முழுத்தன்மையை ஆற்றின் கீழ்ப்பாகத்தில் வாழும் போட் சிப்பவையன் ஊர்த் தொல்குடியினர் அறிந்தது 2023இலேயே. ஆற்று மீனையும் காட்டு விலங்கையும் உணவாகக் கொண்ட மக்களுக்கு இஃது உயிர்ப்பிரச்சினையன்றோ?

நீராவி முறை நிலத்தை அத்துணை அகழ்வதில்லை. கழிவுத் தேக்கமும் அதற்கு வேண்டா. நீரிற் பெரும்பாலானதை மீண்டும் பயன்படுத்தலும் கூடும். எனவே அது தீங்கற்றது எனச் சிலர் கருதுவர். ஆனால் ஒரு கனவளவு எண்ணெய்க்கு இரண்டு, மூன்று கனவளவு நீர் ஆவியாதல் வேண்டும். அதற்கென இயற்கை வாயு இடையறாது எரிக்கப்படுவதால், காபனீரொட்சைட்டு மிகுகின்றது. அமுக்கம் மிக்க நீராவி மேற்பாறையைப் பிளத்தலுமுண்டு. 2013இல் கோல்ட் லேக் பகுதியிற் பிற்றுமன் நிலவெடிப்புக்களினூடே மேலே கசிந்தது. கரைப்பான்களைக் கலந்து நீராவியைக் குறைக்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன; அவை நன்முயற்சிகளே.

இவற்றால் நாம் உணர்தற்பாலது ஒன்று. எண்ணெயை இளக்குதற்கு வேண்டிய வலு எவ்வாறாயினும் செலவாதல் வேண்டும். முறையை மாற்றுவதால் தீங்கு குறையலாம், முற்றும் ஒழிவதில்லை. நிலத்தையும் ஆற்றையும் விட்ட சுமை பெரும்பாலும் வளிமண்டலத்தைச் சேர்கின்றது.

அகழ்ந்த நிலத்தைத் திருத்தி ஒப்படைத்தல் அந்நாட்டுச் சட்டம் விதித்த கடனாகும். அவ்வாறு திருத்தப்பட்டதென அரசின் சான்று முதன்முதற் பெற்ற நிலம், 2008இல், 104 எக்டேயரே. அஃதாவது ஒரு சதுர கிலோமீற்றரளவு. அகழ்வால் நிலைகுலைந்த நிலமோ இன்று ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீற்றர். எண்ணெய் ஒரு பீப்பாயின் விலையை எழுதும்போது, நிலத்துக்கும் நீருக்கும் இறுக்கவேண்டிய இக்கடனையும் அதன்கண் எழுதுதல் வேண்டும். அஃது எழுதப்படாதாயின், அக்கடனைத் தீர்ப்பவர் எண்ணெயை விற்றோருமல்லர், வாங்கினோருமல்லர். ஆற்றின் கீழ்ப்பாகத்தில் வாழ்வோரும் இனிப் பிறப்போருமே.