விரல் நுழையாத வேலி

இங்கிலாந்தில் பல வீடுகளின் கொல்லையை ஒட்டியே பொது நடைபாதை செல்கிறது. பகலில் பள்ளிப் பிள்ளைகளும் நாயோடு உலாவ வருபவர்களும் நடக்கும் அதே பாதையில், இருட்டிய பிறகு வேலியை உதைத்துப் பார்க்கும் விடலைகளும் வருவார்கள். அங்கே பெரும்பாலும் நிற்பது ஆறடிப் பலகை வேலி.

அதன் பலவீனம் ஆணியில் இருக்கிறது. மெல்லிய பலகைகளைக் குறுக்குச் சட்டத்தோடு பிடித்து வைத்திருப்பவை சிறு ஆணிகள். ஓர் உதையில் ஒரு பலகை பெயர்ந்தால், பக்கத்துப் பலகையின் விளிம்பு கைக்குச் சிக்கிவிடும். பிறகு வரிசையாகக் கழலும். சட்டம் பாதைப் பக்கம் அமைந்துவிட்டால் அதுவே ஏணிப்படி. பெயராமல் தப்பிய பலகைகள் மேல் பெயின்ட் கிறுக்கல் ஏறும்.

சங்கிலி வலை வேலிக்கு வேறு குறை. கம்பிகள் ஒன்றோடொன்று பின்னியிருப்பதால் ஒன்றை வெட்டி உருவினால் வலை பிரிந்துவிடும். இந்த இரண்டு குறையும் இல்லாதது ‘358’ வலை. பெயரே அதன் அளவு: கண்ணின் நீளம் 3 அங்குலம், உயரம் அரை (0.5) அங்குலம், கம்பி 8-ஆம் எண், அதாவது ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் தடிமன். இந்த இடுக்கில் பூட்ஸ் முனை ஊன்றாது, விரல் பிடி கிடைக்காது, கம்பி வெட்டும் கருவியின் வாயும் எளிதில் நுழையாது. கம்பிகள் சேரும் ஒவ்வொரு இடத்திலும் பற்றவைப்பு இருப்பதால், ஒன்றை வெட்டினாலும் மற்றவை நிற்கும். சிறைகளைச் சுற்றியும் இந்த வலையை நிறுவுகிறார்கள். நேரே பார்த்தால் மறுபக்கம் தெரிவதால், பாதையில் நடப்பவருக்கு இருட்டுச் சந்தில் மாட்டிக்கொண்ட உணர்வு வராது. விலைதான் அதிகம்.

எவ்வளவு நல்ல வலையானாலும், அதைக் கம்பத்தோடு பிணைக்கும் நட்டு வெளிப்பக்கம் இருந்தால் ஒரு ஸ்பேனர் போதும், கழற்றிவிடலாம். அதனால் இறுக்கி முடித்ததும் அறுகோணத் தலை முறிந்து விழும் நட்டுகளைப் போடுகிறார்கள். எஞ்சும் கூம்பை ஸ்பேனரால் பிடிக்க முடியாது.

கோபத்தில் முள்கம்பியைச் சுற்றிவிடுவோரும் உண்டு. அது தவறு. ஆங்கிலேயச் சட்டத்தின் கண்ணில் நடைபாதையும் நெடுஞ்சாலைதான். பாதையில் போகும் மனிதரையோ விலங்கையோ காயப்படுத்தக்கூடிய முள்கம்பியை அகற்றும்படி உள்ளூர் நெடுஞ்சாலை அமைப்பு நோட்டீஸ் கொடுக்கலாம் என்கிறது 1980-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம். முள் வேண்டுமென்றால் வேலியின் உட்புறம் ஹாத்தார்ன், பைரகாந்தா போன்ற முட்செடிகளை நடலாம். கிளை பாதைக்குள் நீளாதபடி கத்தரித்துவிட வேண்டும். பொதுவாக, வண்டி போகாத பாதையோரத்தில் வேலிக்கு 2 மீட்டர் உயரம் வரை தனி அனுமதி தேவைப்படாது.

வேலி வாங்கப் போகிறவர் உயரத்தையும் விலையையும் விசாரிக்கும் முன், கால் வைக்க இடம் இருக்கிறதா, நட்டு எந்தப் பக்கம் வருகிறது என்று கேட்கட்டும்.