பனிக்குளிரில் கேமரா ட்ரோன்

குளிர்காலத்தில் கேமரா ட்ரோனில் முதலில் சோர்ந்துபோவது பேட்டரிதான். குளிர் ஏற ஏற லித்தியம் பாலிமர் செல்லுக்குள் வேதிவினை மந்தமாகிறது, உள்மின்தடை கூடுகிறது. பின்லாந்தின் லாப்லாந்தில் மைனஸ் 20 டிகிரி குளிர் சாதாரணம். சிறிய ட்ரோன்கள் பலவும் 0 முதல் 40 டிகிரி வரைக்கே தயாரிக்கப்பட்டவை. அந்தக் குளிரில் விசையைத் திடீரெனக் கூட்டினால் மின்னழுத்தம் சட்டென்று சரியும். திரை 40 சதவீதம் மிச்சம் என்று காட்டும்போதே தரையிறங்கச் சொல்லி எச்சரிக்கை வரலாம்.

அதனால் பேட்டரியைக் கோட்டின் உள்பையில் உடல்சூட்டிலேயே வைத்திருந்து, பறக்கவிடும் நேரத்தில்தான் மாட்டுவார்கள். 20 டிகிரி அளவுக்குச் சூடிருந்தால் நல்லது. கிளம்பியதும் ஓரிரு நிமிடம் தாழ்வாக ஒரே இடத்தில் மிதக்கவிட்டால் செல்கள் இன்னும் சூடேறும்.

ஈரமான மூடுபனி இன்னும் ஆபத்தானது. இறக்கையின் விளிம்பில் மெல்லிய பனிக்கட்டி படிந்தாலே தூக்குவிசை குறைந்துவிடும். வெண்பனித் தரையில் அடையாளம் எதுவும் தெரியாததால் அடிப்பக்க சென்சாரும் தடுமாறும். இறங்குவதற்கு நிறமுள்ள விரிப்பு ஒன்று வேண்டும்.

வீட்டுக்குள் வந்ததும் லென்ஸில் நீர் கோக்கும். அதனால் ட்ரோன் வைத்த பையைத் திறக்காமல் மெல்லச் சூடாகவிட வேண்டும். உறைகுளிரில் இருந்த பேட்டரிக்கு உடனே சார்ஜ் போடவே கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெட்டுவிடும்.