சொத்தைப் பல்லை அடைக்க எது நல்லது?

பல் அடைக்கப் போகிற பலரும் கேட்பது ஒன்றுதான்: "வெள்ளையா இருக்கிறதையே வைங்க டாக்டர்." நிறத்தைவிட முக்கியமானவை இரண்டு உண்டு. அந்தப் பல் மெல்லும்போது எவ்வளவு பாரம் தாங்குகிறது? அடைத்து முடியும்வரை அங்கே எச்சில் படாமல் காக்க முடியுமா?

வெள்ளி அடைப்பு எனப்படும் அமால்கத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. கடைவாய்ப் பல்லில் பத்துப் பதினைந்து ஆண்டுகள்கூடத் தாங்கும். ஆனால் பல்லோடு ஒட்டாது. குழியின் அடி அகன்று, வாய் குறுகும்படி குடைந்தால்தான் நிற்கும். அதில் நல்ல பல்லும் கொஞ்சம் போய்விடும். பாதரசம் மண்ணிலும் நீரிலும் சேர்வதால் ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல், மருத்துவத் தேவை இருந்தாலொழிய இதைத் தடுத்துவிட்டது. அதற்காக, வாயில் நன்றாக இருக்கும் பழைய அடைப்பைப் பயந்துபோய் எடுக்க வேண்டாம். குடைந்து எடுக்கும்போதுதான் பாதரச ஆவி அதிகம் வெளிவரும்.

பல் நிறத்தில் இருக்கும் காம்போசிட், நுண்ணிய கண்ணாடித் துகள் கலந்த பிசின். பாஸ்பாரிக் அமிலம் பட்ட எனாமலில் பிசின் நன்றாகப் பிடிக்கும் என்று மைக்கேல் புவோனகோர் 1955-இல் காட்டினார். இன்றும் அதே முறைதான். அமிலத்தைச் சில நொடிகள் வைத்துக் கழுவி, காற்றடித்து உலர்த்தினால், பளபளத்த எனாமல் சுண்ணாம்பாக வெளுக்கும். அதன்மேல் ஒட்டுப்பசை, பிறகு பிசினை இரண்டு மில்லிமீட்டர் அளவில் அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொன்றையும் நீல ஒளியில் இறுக்குவார்கள். நீல ஒளி அதற்குமேல் ஆழமாகப் போகாது. பிசினும் இறுகும்போது சற்றுச் சுருங்கும். இடையில் எச்சில் பட்டால் ஒட்டு பலவீனமாகி, விளிம்பில் இடுக்கு விழுந்து, உள்ளே மறுபடி சொத்தை பிடிக்கும். பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு மாட்டுவது இதற்காகத்தான். அவசரத்தில் செய்யக்கூடிய வேலையல்ல இது.

உரிய மதிப்பு கிடைக்காதது கிளாஸ் அயனோமர் சிமென்ட். லண்டனில் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் உருவாக்கியது. பல்லிலுள்ள கால்சியத்தோடு தானே வேதிப்பிணைப்பு கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாக ஃபுளோரைடும் விடும். ஓரளவு ஈரத்தையும் பொறுக்கும் என்பதால் குழந்தைகளின் பால்பற்களுக்கும், ஈறோரச் சொத்தைக்கும் மிகப் பொருத்தம். 1980-களில் தான்சானியாவில், மின்சாரமே இல்லாமல் கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி அடைக்கும் முறை உருவானது; பின்னர் அதற்குத் துணை நின்றது இந்த சிமென்ட்தான். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. தேய்மானம் அதிகம் என்பதே குறை. பெரியவர்களின் கடைவாய்ப் பல்லில் பெரிய குழிக்கு இதை மட்டும் நம்ப முடியாது.

அடுத்த முறை நாற்காலியில் சாயும் முன், என்ன பொருள் வைக்கப்போகிறார்கள், அதை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் விளக்கிச் சொல்வார்.