சொத்துவரி: 24 ஆண்டுத் தூக்கமும் ஒரே நாள் உயர்வும்

சென்னையில் சொந்த வீடு வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு இரண்டு முறை மாநகராட்சிக்குச் சொத்துவரி கட்டுகிறார்கள். ஏப்ரலில் தொடங்கும் அரையாண்டுக்கு ஒன்று, அக்டோபரில் தொடங்கும் அரையாண்டுக்கு ஒன்று. 2022-இல் இந்தத் தொகை பல வீடுகளுக்கு ஒன்றரை மடங்கானது, சில வீடுகளுக்கு இரண்டு மடங்கானது, பெரிய வீடுகளுக்கு இரண்டரை மடங்கானது. 'ஒரே அடியாக இப்படியா ஏற்றுவார்கள்?' என்ற கோபம் மக்களிடம் இன்னும் இருக்கிறது. கோபம் நியாயமானது. ஆனால் அதில் பெரும்பங்கு 2022-க்கு முந்தைய 24 ஆண்டுகள் மீதுதான் திரும்ப வேண்டும்.

சென்னையில் அதற்கு முன் பொதுச் சீராய்வு நடந்தது 1998-இல். மற்ற ஊர்களில் 2008-இல். நடுவில் 2018-இல் ஒரு முறை உயர்த்தினார்கள். குடியிருப்புகளுக்கு 50 சதவீதம் வரை, மற்ற கட்டிடங்களுக்கு 100 சதவீதம் வரை. 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய நேரத்தில், அந்த உயர்வை நிறுத்தி வைத்தார்கள். கூடுதலாகக் கட்டியவர்களின் பணம் அடுத்தடுத்த அரையாண்டுகளில் ஈடுசெய்யப்பட்டது. 2016-இல் நடந்திருக்க வேண்டிய மாநகராட்சித் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. மேயர் பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் வரி உயர்வு அறிவிப்பு வந்துவிட்டது. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இதுதான் வழக்கம். தேர்தலுக்கு முன் யாரும் சொத்துவரியைத் தொட மாட்டார்கள். முடிந்ததும் சேர்த்து வைத்து ஏற்றுவார்கள்.

வரி எப்படிப் போடுகிறார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் உங்கள் கட்டிடம் எத்தனை சதுர அடி என்று பார்க்கிறார்கள். உங்கள் தெருவில் சதுர அடிக்கு இவ்வளவு என்று மாநகராட்சி ஓர் அடிப்படை விகிதம் வைத்திருக்கிறது. இரண்டையும் பெருக்கினால் மாத வாடகை மதிப்பு கிடைக்கும். கட்டிடத்தின் வயது, உரிமையாளரே குடியிருப்பது போன்றவற்றுக்குக் கழிவு கொடுத்து, அதிலிருந்து ஆண்டு வாடகை மதிப்பை எடுக்கிறார்கள். அந்த மதிப்பில் ஒரு பங்குதான் வரி. இதற்குள்ளேயே பொது வரியும் கல்வி வரியும் இருக்கின்றன. 1948-ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டத்தின்படி, வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகவும் போகிறது. வீடு இன்று என்ன விலைக்குப் போகும் என்பதை இந்தக் கணக்கு நேரடியாகப் பார்ப்பதில்லை. குடிநீர் வாரியம் கேட்கும் வரி வேறு. அதுவும் இதே ஆண்டு மதிப்பை வைத்துத்தான், 7 சதவீதம் என்ற கணக்கில் போடப்படுகிறது.

2022-இல் அரசு செய்தது, ஏற்கெனவே இருந்த வரியின் மேல் குறிப்பிட்ட சதவீதத்தை ஏற்றியது மட்டுமே. பழைய சென்னைப் பகுதிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150. கடைகளுக்கும் வணிக வளாகங்களுக்கும் 150. 2011-இல் சென்னையோடு சேர்ந்த அம்பத்தூர், மாதவரம், சோழிங்கநல்லூர் போன்ற பகுதிகளில் வீடுகளுக்கு 25, 50, 75, 100 என்று குறைவாக வைத்தார்கள்.

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் சதுர அடி அடுக்குமாடி வீடு. 2022-க்கு முன் அரையாண்டு வரி 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய சென்னை என்றால் 75 சதவீதம் ஏறி 2,625 ஆகியிருக்கும். 2024-இன் இரண்டாம் அரையாண்டில் மாநகராட்சி இன்னொரு 6 சதவீதம் ஏற்றியது; அதையும் சேர்த்தால் 2,782 ரூபாய் 50 காசு. மாதத்துக்கு ஏறக்குறைய 464 ரூபாய். அதே வீடு விரிவாக்கப் பகுதியில் இருந்தால் 2,250, பிறகு 2,385.

இப்போது 24 ஆண்டுக் கணக்குக்கு வருவோம். 1998-லிருந்து விலைவாசிக்கேற்ப ஆண்டுக்கு 6 சதவீதம் மட்டும் ஏற்றிக்கொண்டே வந்திருந்தால், அன்றைய ஆயிரம் ரூபாய் வரி 2022-இல் ஏறக்குறைய 4,050 ரூபாயாக இருந்திருக்கும். நான்கு மடங்கு. 2022-இல் மிக அதிகமாக அடிவாங்கிய பெரிய வீட்டுக்கும் கடைக்கும்கூட வந்தது இரண்டரை மடங்குதான். சிறிய வீட்டுக்கு ஒன்றரை மடங்கு. அதாவது, இந்த உயர்வுக்குப் பிறகும் மாநகராட்சி வாங்கும் வரியின் உண்மை மதிப்பு 1998-இல் இருந்ததைவிடக் குறைவு. 2022-இல் அரசு ஓர் ஒப்பீட்டையும் வெளியிட்டது. 600 சதுர அடி வீட்டுக்குச் சென்னையில் 810 ரூபாய் 1,215 ஆகிறது. அதே அளவு வீட்டுக்கு மும்பையில் 2,157, பெங்களூரில் 3,464, புனேயில் 3,924 என்றது. ஊருக்கு ஊர் கணக்கிடும் முறை வேறு என்பதால் இதை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனாலும் சென்னையில் வரி குறைவாகவே இருந்து வந்தது என்பதை மறுக்க முடியாது.

வரி தூங்கிய அந்த ஆண்டுகளில் செலவு தூங்கவில்லை. 2011-இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. சாலையும் சாக்கடையும் சரியாக இல்லாத பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் ஒரே நாளில் மாநகராட்சியின் பொறுப்பாகின. நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. அதை வீடு வீடாக வாங்க ஆள், வண்டி, டீசல். வாங்கிய பிறகு பிரிக்க வேறு செலவு. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பல பத்தாண்டுகளாகக் கொட்டி மலையாக்கிய குப்பையை இப்போது பயோமைனிங் முறையில் தோண்டிப் பிரிக்கிறார்கள். அன்றே பிரித்திருந்தால் இந்தச் செலவு வந்திருக்காது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு மழைநீர் வடிகாலுக்குப் பெரும்பணம் தேவைப்பட்டது. கொசஸ்தலையாறு வடிநிலப் பகுதிக்கு ஆசிய வளர்ச்சி வங்கியிடமும், கோவளம் வடிநிலப் பகுதிக்கு ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கியிடமும் கடன் வாங்கினார்கள். கடன் வாங்கிக் கட்டிவிடலாம். ஆண்டுதோறும் மழைக்கு முன் அந்த வடிகாலைத் தூர்வார யாரும் கடன் தருவதில்லை. அதற்கு மாநகராட்சியின் கையில் சொந்தப் பணம் வேண்டும்.

அம்மா உணவகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2013-இல் தொடங்கியபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். பருப்பும் எரிவாயுவும் அங்கே சமைக்கும் பெண்களின் கூலியும் ஏறிவிட்டன, விலை ஏறவில்லை. ஏறவும் கூடாது என்பேன். கட்டிட வேலைக்குப் போகிறவர்களும், ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையிருப்பவர்களும் அங்கேதான் வயிறாரச் சாப்பிடுகிறார்கள். ஆனால் அந்த இட்லியின் மீதிச் செலவு மாநகராட்சிக் கணக்கில் எழுதப்படுகிறது என்பதைச் சொத்துவரி கட்டுபவர் அறிந்திருப்பது நல்லது.

'வேறு வருமானமே இல்லையா?' என்று கேட்கலாம். இருந்த வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. விளம்பர வரி 2017-இல் ஜிஎஸ்டியில் கரைந்துவிட்டது. தொழில்வரி ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று அரசியலமைப்புச் சட்டம் சொல்கிறது. 1988-இல் வைத்த வரம்பு, இன்றுவரை அப்படியே நிற்கிறது. ரயில்வே, பாதுகாப்புத் துறை போன்ற ஒன்றிய அரசுச் சொத்துகளுக்கு 285-ஆவது பிரிவின்படி சொத்துவரி போட முடியாது. சேவைக் கட்டணம்தான் கேட்கலாம். மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தருகிறது. அது தமிழ்நாட்டின் எல்லா ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் மாநகராட்சிகளுக்கும் சேர்த்து. இந்தியா முழுவதும் இதே நிலைதான். நாட்டின் மாநகராட்சிகள் எல்லாம் சேர்ந்து செலவழிப்பது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய 1 சதவீதம் என்று ரிசர்வ் வங்கி 2022-இல் கணக்குக் காட்டியது. பிரேசிலில் அது 7.4 சதவீதம்.

இதற்கிடையே 15-ஆவது நிதிக்குழு ஒரு நிபந்தனை வைத்தது. சொத்துவரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை 2021-22-இல் அறிவிக்க வேண்டும். அடுத்த ஆண்டு முதல் வசூல், மாநிலப் பொருளாதாரம் வளரும் வேகத்துக்கு ஈடாக வளர வேண்டும். இல்லையென்றால் நகரங்களுக்கு ஒன்றிய அரசின் மானியம் கிடையாது. 2022 உயர்வின் உடனடிக் காரணம் இதுதான். ஆண்டுக்குக் குறைந்தது 6 சதவீதம் என்ற விதி வந்ததும் இதையொட்டித்தான்.

ஆண்டுதோறும் சிறிது சிறிதாக ஏற்றுவதை நான் ஆதரிக்கிறேன். 6 சதவீதத்தைக் குடும்பத் தலைவி மாத பட்ஜெட்டில் எப்படியாவது அடக்கிவிடுவார். 100 சதவீதத்தை அடக்க முடியாது. ஆனால் 2022-இல் ஏற்றிய விதம் சரியில்லை. பழைய வரியின் மேலேயே சதவீதம் போட்டதால், பழைய அநியாயங்களும் பெருகிவிட்டன. 1998-இல் ஒதுக்குப்புறமாக இருந்து இன்று கடைத்தெருவாக மாறிய தெருவுக்கு அன்றைய குறைந்த விகிதமே அடிப்படை. அன்றே சரியாக அளந்து முழு வரி கட்டியவர் இன்று கூடுதலாகக் கட்டுகிறார். மாடி எடுத்ததைச் சொல்லாமல் விட்டவர் அந்தக் குறைந்த வரியின் மேல்தான் உயர்வு கட்டுகிறார். அளவுப் பிரிவுகளிலும் கோளாறு உண்டு. 1,200 சதுர அடி வீட்டுக்கு 75 சதவீதம். ஒரே ஒரு சதுர அடி கூடிவிட்டால் முழுத் தொகைக்கும் 100 சதவீதம். கையில் ஓய்வூதியம் மட்டுமே உள்ள முதியவர், அப்பா கட்டிய பெரிய பழைய வீட்டில் தனியாக இருந்தால், வராத வாடகைக்கு வரி கட்டுகிறார். இவர்களுக்கெல்லாம் விதிவிலக்கோ தவணையோ யோசிக்கப்பட்டிருக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவரும் தப்பவில்லை. வீட்டுக்காரர் அடுத்த ஒப்பந்தத்தில் அதைச் சேர்த்துத்தான் கேட்பார்.

வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியது சில உண்டு. உங்கள் ரசீதை எடுத்து, அதில் போட்டிருக்கும் பரப்பளவும், சொந்தக் குடியிருப்பா வாடகையா வணிகமா என்ற குறிப்பும் சரிதானா என்று பாருங்கள். வீட்டில் நீங்களே குடியிருந்தும் வாடகை என்று பதிவாகியிருந்தால் உங்களுக்குரிய கழிவு போய்விடும்; மண்டல அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துத் திருத்துங்கள். அரையாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். அரையாண்டு கடந்தால் மாதம் 1 சதவீதம் தனிவட்டி. வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால், அந்த நிதியாண்டில் நீங்கள் கட்டிய சொத்துவரியை வருமான வரிக் கணக்கில் வாடகையிலிருந்து கழித்துக்கொள்ளலாம். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கட்டிய வரிக்குக் கணக்குக் கேட்க இடமும் உண்டு. வார்டு கமிட்டிக்கும், மக்கள் நேரில் கேள்வி கேட்கக்கூடிய ஏரியா சபைக்கும் தமிழ்நாட்டில் 2022-இல் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நகரங்களில் ஏரியா சபைக் கூட்டங்களும் நடந்தன. வரி கட்டுபவர்களில் அங்கே போகிறவர்கள் மிகச் சிலர். அடுத்த கூட்டத்துக்கு ரசீதோடு போங்கள். நம் வார்டில் சொத்துவரியாக எவ்வளவு வசூலானது, எவ்வளவு பாக்கி, பெரும் பாக்கிதாரர்கள் யார், இந்த ஆண்டு நம் தெருக்களுக்கு எவ்வளவு செலவானது என்று கவுன்சிலரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை ஒவ்வொரு கூட்டத்திலும் கேளுங்கள்.