மஞ்சள் கருவுக்கு மாற்று யார்?

2025 ஏப்ரலில், பச்சை முட்டை சேர்த்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு ஓராண்டுத் தடை விதித்தது. சால்மோனெல்லா போன்ற கிருமிகள் பரவும் என்பது காரணம். ஷவர்மா கடைகளுக்கு உடனே எழுந்த சிக்கல் ருசி பற்றியதல்ல. முக்கால் பங்கு வரை எண்ணெய் இருக்கும் அந்தக் கலவையில், எண்ணெய் தனியே மிதக்காமல் பார்த்துக்கொண்டது மஞ்சள் கருதான்.

1 மில்லி எண்ணெய் ஒரே உருண்டையாக இருந்தால் அதன் மேற்பரப்பு 5 சதுர சென்டிமீட்டர்கூட வராது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள துளிகளாக அதை அடித்து உடைத்தால் மொத்த மேற்பரப்பு 6 சதுர மீட்டர். எண்ணெயும் தண்ணீரும் தொட்டுக்கொள்ளும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஆற்றல் செலவாகிறது. அதனால்தான் கலக்குவதை நிறுத்தியதும் துளிகள் ஒன்றுசேர்ந்து பழையபடி பிரிகின்றன.

இப்படிப் பிரியாமல் தடுக்கும் பொருளான பால்மமாக்கி, எண்ணெயும் தண்ணீரும் தொடும் எல்லையில்தான் குடியேறுகிறது. மஞ்சள் கருவில் உள்ள லெசித்தின் மூலக்கூறுக்கு ஒரு முனை தண்ணீரோடு சேரும். மறுமுனையின் இரண்டு வால்கள் எண்ணெய்க்குள் புதையும். துளியைச் சுற்றிலும் இப்படி ஒரு தோல் உருவானால் எல்லையைக் காக்க ஆகும் ஆற்றல் குறைகிறது, துளிகள் மோதினாலும் ஒட்டுவதில்லை. கரு புரதங்களும் அந்தத் தோலில் சேர்ந்துகொள்கின்றன. எண்ணெயை மொத்தமாகக் கொட்டினால் தோல் போர்த்த நேரமிருக்காது. மயோனைஸுக்கு முதலில் சொட்டுச் சொட்டாக விடுவது அதற்காகத்தான்.

லெசித்தினை மஞ்சள் கருவிலிருந்து 1840களில் பிரித்தெடுத்தவர் பிரெஞ்சு மருந்தாளுநர் தியோடோர் கோப்லே. இன்று சாக்லேட் உறையில் 322 என்ற எண்ணாக இருப்பதும் அதுவே, பெரும்பாலும் சோயாவிலிருந்து. முட்டையில்லா மயோனைஸில் பால் புரதமோ சோயாப் புரதமோ கருவின் இடத்தைப் பிடிக்கிறது. கூடவே சேர்க்கும் ஸ்டார்ச், சாந்தன் பசை ஆகியவற்றின் வேலை வேறு: தண்ணீரைக் கெட்டியாக்கித் துளிகளை நகரவிடாமல் செய்வது. பால்மமாக்குவதையும் கெட்டியாக்குவதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.

வயலிலும் இதே கதை. 10 லிட்டர் டேங்கிற்கு 300 மில்லி வேப்பெண்ணெய் என்பது 3 சதவீதக் கரைசல். வெறுமனே ஊற்றினால் எண்ணெய் மேலே நிற்கும்; முதல் வரிசைப் பயிருக்கு வெறும் தண்ணீர் போகும், கடைசியில் வரும் எண்ணெய் இலையைக் கருக்கும். ஆகவே சோப்புக் கரைசலில் எண்ணெயை முதலில் அடித்துக் கலக்கி, வெளுத்ததும் தண்ணீர் சேர்க்கிறார்கள். அன்றே தெளித்துவிட வேண்டும். பால்மமாக்கி பிரிவைத் தள்ளிப்போடும், ஒழிக்காது.

ஐஸ்கிரீமில் மட்டும் கணக்கு தலைகீழ். பாலின் புரதமே கொழுப்புத் துளிகளை அளவுக்கு மீறி நன்றாகக் காக்கிறது. உறையில் 471 என்று போட்டிருக்கும் பால்மமாக்கி, அந்தப் புரதத்தில் ஒரு பகுதியைத் துளிகளின் மேலிருந்து தள்ளிவிடுகிறது. உறையவைத்துக் கடையும்போது துளிகள் அரைகுறையாக ஒட்டிக்கொண்டு காற்றுக் குமிழ்களைச் சுற்றி வலை பின்னுகின்றன. கப்பில் போட்டதும் ஐஸ்கிரீம் குழைந்து ஓடாமல் சற்று நேரம் வடிவத்தோடு நிற்பது இந்த அரைகுறை ஒட்டலால்தான்.